காத்திருக்கும் நேரமும் கூலியும்: அமெரிக்கப் பார்சல் வண்டியின் பண்டிகைக்கால உதவியாளர்

ஆண்டின் பெரும்பகுதியில் ஓர் அளவாக நடந்துவரும் வேலை, பண்டிகையை முன்னிட்டுச் சில வாரங்களுக்குள் பன்மடங்கு பெருகுமாயின், நிலையான ஆட்களைக் கொண்டு மட்டும் அதனைச் செய்து முடித்தல் இயலாது. தற்காலிக ஆட்களை அமர்த்தியே ஆகவேண்டும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நெசவாளர் சங்கத்தின் விற்பனை நிலையத்தில் துணி மடிக்கவும் கட்டுக் கட்டவும் வெளியாட்களை வைத்துக்கொள்வதையும், அறுவடைக் காலத்தில் விற்பனைச் சங்கத்தின் கிடங்கில் மூட்டை தூக்க ஆட்களைச் சேர்ப்பதையும் அங்கத்தினர்கள் அறிவார்கள். இவ்வாறு வரும் ஆளின் வேலை நேரம் எப்பொழுது தொடங்குகிறது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றும். ஆயினும் கூலிப் பட்டியலில் எழும் தகராறுகளுள் பெரும்பாலானவை அங்கேதான் வேர்விடுகின்றன. இதனை நம் சங்கங்களின் கணக்கைக் கொண்டே விளக்கலாம். ஆனால் நம்மவர், வேண்டாதவர் என்ற எண்ணங்கள் அப்பொழுது குறுக்கிடும். ஆகவே, அமெரிக்க ஐக்கிய நாட்டில் வீடுவீடாகப் பார்சல் கொண்டு சேர்க்கும் மோட்டார் வண்டிகளில், கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டும் டிரைவர்களுடன் வேலை செய்யும் உதவியாளர்களை இப்பாடத்திற்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அந்நாட்டில் இத்தொழிலை நடத்தும் பெரிய கம்பெனிகளுள் ஒன்று யுனைடெட் பார்சல் சர்வீஸ் என்பது, சுருக்கமாக யூ.பி.எஸ். என்பர். 1907ஆம் ஆண்டில் சியாட்டில் நகரில் ஜேம்ஸ் கேசி என்னும் 19 வயது இளைஞர், நண்பர் ஒருவருடன் சேர்ந்து, கடனாகப் பெற்ற 100 டாலரை முதலாகக் கொண்டு, செய்தி கொண்டுசெல்லும் சிறு நிலையமாக இதனைத் தொடங்கினார். பின்னர், கடைகளில் மக்கள் வாங்கிய சாமான்களை அவரவர் வீட்டில் சேர்ப்பிப்பது அதன் முக்கிய வேலையாயிற்று. ஒவ்வொரு கடையும் தனித்தனியே வண்டியும் ஆளும் வைத்துக்கொள்வதைக் காட்டிலும், பல கடைகளின் பொட்டலங்களையும் ஒரே வண்டியில் ஏற்றி, ஒரு தெருவிற்கு ஒருமுறை மட்டும் சென்று வருதல் சிக்கனம் என்பதே இதன் அடிப்படை. இவ்வளவில் நம் நோக்கத்திற்கு நெருங்கியதே; எனினும் இது கூட்டுறவு ஸ்தாபனமன்று. நெடுங்காலம் பெரும்பாலும் தன் நிர்வாக உத்தியோகஸ்தர்களுக்கே சொந்தமாக இருந்து, 1999இல் பங்குச் சந்தைக்கு வந்த கம்பெனி.

இதன் டிரைவர்கள் டீம்ஸ்டர்ஸ் என்னும் தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர்கள். 1903இல் அமைந்த அச்சங்கத்தின் பெயருக்கு, வண்டியில் பூட்டிய குதிரைகளையோ மாடுகளையோ ஓட்டுபவர் என்பது பொருள். மோட்டார் வந்து குதிரை போய்விட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நம் ஊர்களில் பாரவண்டிக்காரர் இருந்த இடத்தில் லாரிக்காரர் வந்து நிற்பதைப் போன்றதுதான்.

நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் நன்றி கூறும் திருநாள் கொண்டாடப்படுகிறது. அதற்கும் டிசம்பர் 25ஆம் தேதிக்கும் இடைப்பட்ட நாட்களே பரிசுப் பொருள்கள் வாங்கி அனுப்பும் காலம். கிறிஸ்துமஸுக்குத் தேதி மாறுவதில்லை. திருநாளோ கிழமையைப் பொறுத்து முன்பின்னாக வரும். 2012இல் அது நவம்பர் 22இல் வந்தது. இடையில் 32 நாட்கள் கிடைத்தன. 2013இல் 28ஆம் தேதி வந்தமையால் 26 நாட்களே கிடைத்தன. சரக்கு குறையவில்லை, நாட்கள்தான் குறைந்தன. தீபாவளி மாத முதலிலே வருமா, சம்பளத்திற்கு முன்பு வருமா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துக் கொள்முதலைத் தீர்மானிக்கும் நம் விற்பனை நிலைய மானேஜர்களுக்கு இக்கணக்கு புதிதன்று.

இனி, வண்டியில் நடக்கும் வேலையைக் கவனிப்போம். விடியுமுன்னரே கிடங்கில் வேறு ஆட்கள் பொட்டலங்களை வண்டிக்குள் ஏற்றிவிடுகிறார்கள். வண்டியின் உட்புறம் இரு மருங்கிலும் தட்டுக்களாக அமைந்து, தட்டுக்களுக்கு எண்கள் இடப்பட்டிருக்கும். முதலில் இறக்க வேண்டியது ஓரிடத்தில், கடைசியில் இறக்க வேண்டியது ஓரிடத்தில் என வரிசையாக அடுக்கப்படும். டிரைவரின் கையில் சிறு மின்கருவி ஒன்று இருக்கும். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் இக்கம்பெனியில் வழக்கத்திற்கு வந்த இக்கருவி, எந்தப் பொட்டலம், எந்த வீட்டில், எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்பதைப் பதிவு செய்கிறது; பெற்றவரின் கையொப்பத்தையும் அதிலேயே வாங்கலாம். நம் வழக்கில் சொல்வதானால், டெலிவரிப் புத்தகம், கைச்சாத்து, கடிகாரம் ஆகிய மூன்றும் அக்கருவிக்குள்ளே அடக்கம். இந்தக் கடிகாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் அதனிடம் மீண்டும் வரவேண்டியிருக்கும்.

உதவியாளர் கிடங்கிற்கு வருவதில்லை. காலையில் அவசரப் பொட்டலங்களை டிரைவர் தனியே சேர்த்துக்கொண்டு வருகையில், வழியிலுள்ள ஏதேனும் ஒரு கடையின் வண்டி நிறுத்துமிடம் போன்ற ஓரிடத்தில், குறித்த மணிக்கு உதவியாளர் வந்து நிற்க வேண்டும். வண்டி வரும்; ஏறிக்கொள்வார். டிரைவர் பக்கத்தில் மடக்கு ஆசனம் ஒன்று உண்டு. கம்பெனியின் பழுப்பு நிறச் சட்டையோ மேலங்கியோ அணிந்திருப்பார். 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். வண்டியை ஓட்டுவது அவர் வேலையன்று. சுமந்து சென்று வாசலில் சேர்ப்பதே அவர் வேலை.

இருவர் சேர்ந்தால் வேலை எவ்வாறு விரைகிறது என்பது ஆராயத்தக்கது. பார்சல் வண்டியில் வீணாகும் நேரம் ஓடுவதிலன்று, தேடுவதிலும் நடப்பதிலுமே. வண்டி நின்றதும் டிரைவர் உள்ளே சென்று உரிய பொட்டலத்தைத் தேடி எடுக்க வேண்டும், வாசல் வரை நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், ஆசனத்தில் அமர்ந்து வார்ப்பட்டையை மாட்ட வேண்டும், அடுத்த வீட்டில் மறுபடியும் இவையனைத்தும். உதவியாளர் இருப்பின், அவர் வாசலுக்கு நடந்து மீளும் நேரத்தில் டிரைவர் அடுத்த இரண்டு மூன்று வீடுகளுக்கு உரியவற்றை முன்னே எடுத்து வைத்துவிடுவார். நெருக்கமான தெருவாயின், இடப்பக்கத்து வீடுகள் ஒருவருக்கும் வலப்பக்கத்து வீடுகள் மற்றவருக்குமாகப் பிரித்துக்கொள்வர். பல மாடிக் குடியிருப்பாயின் உதவியாளர் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு மாடிகளுக்குச் செல்ல, டிரைவர் அடுத்த கட்டடத்தின் வேலையைத் தொடங்குவார். கம்பெனி ஏற்கும் பொட்டலத்தின் உச்ச எடை 150 பவுண்டு, ஏறத்தாழ 68 கிலோ. அத்தகையதை ஒருவர் தனியே தூக்குவது இடுப்பிற்குக் கேடு. இருவர் பிடித்தால் இறங்கிவிடும். பாவு ஓட்டுபவரும் புணைப்பவரும் கைமாற்றிக் கைமாற்றி வேலை செய்வதைக் கண்டவர்களுக்கு, இணைந்த கைகளின் விரைவு எங்கிருந்து வருகிறதென்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த இணக்கம் முதல் நாளில் வருவதில்லை. டிரைவருக்குத் தன் வழி முழுவதும் மனப்பாடம். எந்த வீட்டில் பின்வாசலில் வைக்க வேண்டும், எந்தக் கிழவிக்கு மணி அடித்தபின் ஐந்து நிமிஷம் பொறுக்க வேண்டும், எந்த வேலிக்குள் நாய் அவிழ்த்து விடப்பட்டிருக்கும் என்பவற்றைப் பல ஆண்டுகளில் அறிந்தவர் அவர். உதவியாளரோ நேற்று வரை வேறு தொழில் செய்தவர். கல்லூரி மாணவராகவோ, வேலையிழந்தவராகவோ, விடுமுறைச் செலவிற்குப் பணம் தேடுபவராகவோ இருப்பார். நம் நாட்டு லாரிக் கிளீனர் டிரைவருடனே உண்டு உறங்கி, சில ஆண்டுகளில் தாமும் டிரைவராகிறார். அவருக்குக் கற்றுக்கொள்ளக் காலமுண்டு. அமெரிக்க உதவியாளருக்கு ஜனவரியில் வேலை முடிந்துவிடும். ஆகவே அரை மணி நேரத்தில் கற்பிக்க வேண்டியதைக் கற்பித்தாக வேண்டும். நல்ல டிரைவர் முதலில் வேகத்தைக் கற்பிப்பதில்லை. கைப்பிடியைப் பற்றிப் படியில் இறங்கு, குதிக்காதே. பனி உறைந்த படிக்கட்டில் அடியை அழுத்தி வை. வண்டி பின்னோக்கி வரும்போது அதன் பின்னால் நிற்காதே. கதவு எண்ணைப் படித்தபின் பொட்டலத்தை வை என்னும் நாலைந்து சொற்களே அவருடைய பாடம். ஆசிரியர் என்ற பெயரும் அதற்கான ஊதியமும் இன்றி அவர் ஆசிரியராகிறார். உதவியாளர் அடுத்த நாளே மாற்றப்பட்டு வேறொருவர் வந்தால் பாடத்தை மீண்டும் தொடங்க வேண்டியதுதான். தற்காலிக ஆட்களை அன்றாடம் இடம் மாற்றும் காரியதரிசிகள் இதனைக் கவனிக்க வேண்டும். ஒரு மேஜையில் ஒரு வாரம் இருந்து பழகிய ஆளைக் காரணமின்றி வேறு மேஜைக்கு அனுப்பினால், இரு மேஜைகளிலும் வேலை கெடும்.

உதவியாளர் வருவதால் டிரைவருக்குப் பாரம் குறைகிறதா என்று கேட்கலாம். குறைய வேண்டும் என்பதே நியாயம். ஆயினும் இருவர் இருக்கிறார்கள் என்று சொல்லி வண்டியில் ஏற்றும் பொட்டலங்களும் கூடிவிடுகின்றன. அதனால் அவர் வீடு திரும்பும் நேரம் பெரும்பாலும் முன்னுக்கு வருவதில்லை. அந்நாட்டின் மத்திய அரசு விதிப்படி, சரக்கு மோட்டார் டிரைவர் ஒரு நாளில் 11 மணிக்கு மேல் ஓட்டலாகாது. வேலைக்கு வந்ததிலிருந்து 14 மணி கடந்தபின்னும் ஓட்டலாகாது. விதி இவ்வளவு உயரத்தில் வரம்பு கட்டியிருப்பதிலிருந்தே டிசம்பர் மாதத்து நாட்களின் நீளத்தை ஊகிக்கலாம். 2023 ஆகஸ்டில் டீம்ஸ்டர்ஸ் அங்கத்தினர்கள் 86 சதவிகிதத்திற்கு மேற்பட்ட வாக்குகளால் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தில், ஓய்வு நாளில் டிரைவரைக் கட்டாயப்படுத்தி வேலைக்கு அழைக்கலாகாது என்ற ஷரத்து இடம்பெற்றது.

இவ்விடத்தில், பாடத்திற்குச் சற்று வெளியே இருப்பினும், ஒன்றைக் கூறாமல் செல்ல மனமில்லை. அதற்கு முந்திய 2018ஆம் ஆண்டு ஒப்பந்தம், ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும் டிரைவர்களுக்குள் இருவகைக் கூலியை உண்டாக்கியது. வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் அதனை நிராகரித்தனர். ஆயினும் அங்கத்தினர்களில் பாதிப்பேருக்குக் குறைவானவர்களே வாக்களித்தார்கள். அந்நிலையில் நிராகரிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும் என்று அச்சங்கத்தின் உபவிதி அப்பொழுது இருந்தமையால், ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிட்டது. 2021இல் அவ்விதி நீக்கப்பட்டது. 2023 ஒப்பந்தத்தில் இருவகைக் கூலியும் நீங்கியது. மகாசபைக்கு வராமல் வீட்டிலிருந்து முணுமுணுக்கும் அங்கத்தினர்கள் எந்த ஊர்ச் சங்கத்திலும் உண்டு போலும்.

தற்காலிக ஆட்கள் எத்தனை பேர் வேண்டும் என்று மதிப்பிடுவதும் எளிதன்று. 2013இல் யூ.பி.எஸ். 55,000 பேரை அமர்த்தத் திட்டமிட்டது. நாட்கள் குறைந்த அவ்வாண்டில், வலைத்தளக் கடைகளில் கடைசி நேரத்தில் குவிந்த ஆர்டர்களும், கெட்ட வானிலையும் ஒன்றுசேர்ந்தன. இறுதியில் 85,000 பேரை அமர்த்தியும் பல பொட்டலங்கள் கிறிஸ்துமஸ் கழிந்த பின்னரே போய்ச் சேர்ந்தன. குழந்தைக்கு வாங்கிய பொம்மை பண்டிகைக்கு மறுநாள் வருவது, தீபாவளிச் சேலை தீபாவளி கழிந்து வருவதைப் போன்றதே. மறு ஆண்டில் அப்பழி மீண்டும் வாராதிருக்க 90,000 முதல் 95,000 பேர் வரை அமர்த்தப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. அப்பொழுது வேறு தொல்லை நேர்ந்தது. உச்ச நாட்களில் சரக்கு வந்தது. மற்ற நாட்களில் எதிர்பார்த்த அளவு வரவில்லை. ஆட்கள் இருந்தார்கள், வேலை இல்லை. செலவு மிகுந்துவிட்டதென 2015 ஜனவரியில் கம்பெனியே தெரிவித்தது. முதலாண்டின் தவற்றைத் திருத்தப் புகுந்து எதிர்ப்பக்கத் தவற்றில் விழுவது நிர்வாகத்தில் அடிக்கடி காணப்படுவதே. இங்கே கருதவேண்டியது வேறொன்றுண்டு. ஆட்களைக் கூடுதலாக அமர்த்திவிட்ட நிர்வாகி, செலவைக் குறைக்க முதலில் கை வைக்கும் இடம் எது? ஆட்களை வரச்சொல்லிவிட்டு, வேலை வந்தபின்தான் கூலி என்பதே அவருக்கு எளிதாகத் தோன்றும் வழி. இதிலிருந்தே நம் முக்கிய விஷயம் தொடங்குகிறது.

காலை 10 மணிக்குக் குறித்த இடத்தில் நில் என்று உதவியாளருக்குச் சொல்லப்படுகிறது. அவர் 9.55க்கே வந்து நிற்கிறார். கிடங்கில் ஏற்றுவதற்குத் தாமதமாயிற்று; சாலையில் நெருக்கடி; வண்டி 10.20க்கு வருகிறது. டிசம்பர் மாதத்துக் குளிரில் 20 நிமிஷம் அவர் வெளியில் நின்றிருக்கிறார். டிரைவர் மீதும் குற்றமில்லை, உதவியாளர் மீதும் குற்றமில்லை. மாலையில் 5.30க்குக் கடைசிப் பொட்டலம் சேர்கிறது. தொடங்கிய இடத்திற்கு வண்டியில் மீள 15 நிமிஷமாகிறது. இவ்வாறு சென்ற 35 நிமிஷம் யாருடையது?

கிடங்கிற்கு வருகிற தொழிலாளிக்கு வாசலிலே நேரப் பதிவு உண்டு. தெருவிலே ஏறித் தெருவிலே இறங்கும் உதவியாளருக்கு அத்தகைய வாசலே இல்லை. நேரத்தை முதற்பொட்டலத்தின் பதிவைக் கொண்டு தொடங்கிக் கடைசிப் பொட்டலத்தின் பதிவோடு முடித்தால், முன்னே சொன்ன கருவியின் கடிகாரத்திற்கு அந்த 35 நிமிஷமும் தெரியாது. 2025 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான லெட்டீஷியா ஜேம்ஸ், யூ.பி.எஸ். மீது தொடுத்த வழக்கின் சாரம் இதுவே. பண்டிகைக்காலத் தொழிலாளர்கள் பணியிலிருந்த நேரம் முழுவதற்கும் கூலி தரப்படவில்லை என்பதும், உதவியாளர்கள் டிரைவருக்காகக் காத்திருந்த நேரம் விடுபட்டது என்பதும் அதில் கூறப்பட்ட குற்றச்சாட்டுக்களுள் அடங்கும். கம்பெனி அவற்றை மறுத்தது. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. ஆகவே யார் பக்கம் நியாயம் என்று நாம் இங்கே முடிவு கூறவேண்டியதில்லை. கேள்வி எழுந்த இடமே நமக்குப் பாடம்.

காத்திருப்பது வேலையாகுமா என்ற வினா அந்நாட்டுச் சட்டத்திற்குப் புதிதன்று. வேலை நேரத்தையும் குறைந்தபட்சக் கூலியையும் வரையறுத்த மத்தியச் சட்டம் 1938இல் இயற்றப்பட்டது. 1944இல் அதன் கீழ் இரு வழக்குகள் உச்ச நீதிமன்றத்திற்கு வந்தன. ஒன்று சிகாகோ நகரத்துச் சோப்பு ஆலையொன்றைச் சேர்ந்தது. மற்றொன்று டெக்ஸாஸ் மாநிலத்து இறைச்சிப் பதன ஆலையொன்றைச் சேர்ந்தது. இரண்டிலும் தொழிலாளர்கள் இரவில் ஆலையிலேயே தங்கித் தீப்பிடித்தால் அணைக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். தீ அபூர்வமாகவே பிடித்தது, படுத்துறங்கினார்கள், சீட்டாடினார்கள். இதற்குக் கூலியா என்று ஆலைக்காரர்கள் கேட்டனர். ஒருவருடைய ஆயத்தத்தையே மற்றொருவர் விலைக்கு வாங்கலாம். ஒன்றும் நேராமல் காத்திருப்பதற்கென்றே ஒருவரை அமர்த்தலாம் என்பது நீதிமன்றம் கண்ட கருத்து. சோப்பு ஆலைத் தொழிலாளர்களின் நேரம் வேலை நேரமே என்று தீர்ப்பாயிற்று. மற்ற வழக்கு, அதன் சூழ்நிலையை நன்கு ஆராயுமாறு கீழ்க்கோர்ட்டுக்குத் திருப்பப்பட்டது. காத்திருப்பதற்கென அமர்த்தப்பட்டவர் ஒருவகை. அமர்த்தப்படுவதற்காகக் காத்திருப்பவர் மற்றொரு வகை. முன்னவருக்குக் கூலி உண்டு, பின்னவருக்கு இல்லை என்னும் பாகுபாடு அன்று முதல் அங்கே வழங்கிவருகிறது.

எல்லாக் காலமும் தொழிலாளிக்குச் சாதகமாகவே தீர்ப்பாயிற்று என்று எண்ணிவிடலாகாது. வீட்டிலிருந்து வேலையிடத்திற்கு வரும் பயணம் பொதுவாக வேலை நேரமாகாது என 1947இல் சட்டம் செய்யப்பட்டது. நெவாடா மாநிலத்தில் அமேசான் கம்பெனியின் பண்டசாலைகளுக்கு ஆட்களை அனுப்பிய ஒப்பந்தக் கம்பெனியைப் பற்றிய வழக்கில், வேலை முடிந்தபின் திருட்டுத் தடுப்புச் சோதனைக்காக வரிசையில் நின்ற நேரத்திற்கு மத்தியச் சட்டப்படி கூலி கோரமுடியாது என 2014இல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். ஆறு ஆண்டுகளுக்குப் பின் கலிபோர்னியா மாநிலத்து உச்ச நீதிமன்றம், தன் மாநில விதிப்படி, கடையை விட்டுச் செல்லுமுன் தொழிலாளியின் பையைச் சோதிக்கும் நேரம் கூலிக்கு உரியதே என்றது. ஒரே நாட்டில், ஒரே மாதிரியான வரிசைக்கு இருவேறு விடைகள்! சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில், அமர்த்துகிறவர் முன்கூட்டியே தெளிவாக எழுதிவைப்பதொன்றே வழியாகிறது.

35 நிமிஷத்தின் மதிப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பருவத்தில் 24 நாள் வேலையென்றும், மணிக்கு 20 டாலர் கூலியென்றும் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். 24 நாட்களுக்கு 840 நிமிஷம், அதாவது 14 மணி, 280 டாலர். 10.20 முதல் 5.30 வரை நாளொன்றுக்கு 7 மணி 10 நிமிஷம் வேலை என்றால், விடுபட்டது ஏறத்தாழ இரண்டு நாட்கூலி. பருவம் முழுவதும் உழைத்தவர் இரண்டு நாட்களை இனாமாகத் தந்திருக்கிறார். தந்தது அவருக்கும் தெரியாது. நூறு உதவியாளர்களுக்கு இவ்வாறு விடுபடுமாயின் 28,000 டாலர். ஒவ்வொரு நாளும் சிறிதாக இருப்பதனாலேயே இது எவர் கண்ணிலும் படுவதில்லை.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் சில காரியதரிசிகள், "வந்து உட்கார்ந்திருந்ததற்கெல்லாமா சார் கூலி கொடுக்கிறது? கட்டு வந்தபிறகுதானே அவருக்கு வேலை?" என்று கேட்டதுண்டு. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது: வரவேண்டிய மணியைக் குறித்தவர் யார்? கட்டு வரும்வரை அவர் தம் சொந்த வேலைக்குப் போய்வர விட்டீர்களா? கட்டு வந்தவுடன் கை தயாராக இருந்ததால் பயனடைந்தது யார்? மணியைக் குறித்தது சங்கம், போக விடாதது சங்கம், பயன் சங்கத்திற்கு என்றால், அந்த நேரம் சங்கத்தினுடையது. அவர் தாமாக முன்னதாக வந்து திண்ணையில் அமர்ந்திருந்தாலும், இடையில் ஒரு மணி போய்விட்டு வாரும் என்று உண்மையாகவே விடப்பட்டாலும் அந்த நேரம் அவருடையது. அமெரிக்க உதவியாளரின் 9.55 முதல் 10 வரையுள்ள ஐந்து நிமிஷம் அவருடையது. 10 முதல் 10.20 வரை அவருடையதன்று என்பது என் கருத்து. மாலையில் வண்டியில் மீண்ட 15 நிமிஷமும் அத்தகையதே. வேலைக்காக அழைத்துச் சென்ற தொலைவிலிருந்து அவர் தாமாகத் திரும்ப இயலாதன்றோ?

நெசவாளர்களுக்கு இதனை நீட்டி விளக்க வேண்டியதில்லை. நூல் வரவில்லையென்று தறி சும்மா நின்ற நாட்களில் அடுப்பு சும்மா நின்றதில்லை என்பதை அவர்கள் அறிவார்கள். ஆலை வாசலில் கரும்பு வண்டியுடன் இரவெல்லாம் எடைக்குக் காத்திருந்த விவசாயியும் அறிவார். அவ்வாறு காத்திருந்தவர்கள்தாம் இன்று நிர்வாகக் குழுவிலே அமர்ந்து, தற்காலிக ஆட்களின் பட்டியலை மஞ்சூர் செய்கிறார்கள்.

வழக்கமான மஸ்டர் ரோலில் பெயர், தேதி, வருகைக் குறி, கூலித்தொகை என்பவையே காணப்படும். எட்டு மணி என்று எல்லோருக்கும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், வாரக் கடைசியில் எழுதப்பட்ட பட்டியல்களையும் பார்த்திருக்கிறேன். பண்டிகைக் காலத்தில் தற்காலிக ஆட்களுக்கென ஒரு தனித்தாள் வைத்துக்கொள்ளலாம். அதில் வரச்சொன்ன மணி, வந்த மணி, முதல் வேலை கொடுத்த மணி, வேலை முடிந்த மணி, அனுப்பிவிட்ட மணி என ஐந்து கட்டங்கள் வேண்டும். வரச்சொன்ன மணி, வந்த மணி இரண்டினுள் பிந்தியதிலிருந்து, அனுப்பிவிட்ட மணி வரை கூலி. உணவுக்கென உண்மையில் விட்ட இடைவேளையை மட்டும் கழிக்கலாம். இடையிலுள்ள இரு கட்டங்களும் கூலிக்காக அல்ல, நிர்வாகக் குழுவிற்காக. வந்த மணிக்கும் முதல் வேலை கொடுத்த மணிக்கும் நாள்தோறும் அரை மணி வேறுபாடு இருக்குமாயின், ஆட்களை அரை மணி பின்னதாக வரச்சொல்லலாம், அல்லது கட்டுக்களை அரை மணி முன்னதாக இறக்க ஏற்பாடு செய்யலாம். கூலியைக் குறைக்காமலே செலவு குறையும். 2014இல் ஆட்களை மிகுதியாக அமர்த்திய கம்பெனிக்கு நேர்ந்த தொல்லையும் சிறிய அளவில் இக்கட்டங்களில் முன்னதாகவே தெரிந்துவிடும்.

தாளை எழுதுகிறவர் வேலை வாங்கும் குமாஸ்தாவாக மட்டும் இருப்பது நன்றன்று. அமெரிக்க வண்டியில் நேரம் காட்டும் கருவி டிரைவரின் கையில் மட்டும் இருப்பதைப் போன்ற நிலை அது. அவர் நல்லவராயினும் அவருக்கு வேறு நூறு கவலைகள். வந்த மணியையும் போன மணியையும் தொழிலாளியே எழுதட்டும், அல்லது சொல்லி எழுதச் செய்து, அன்று மாலையே கையொப்பமோ கைநாட்டோ இடட்டும். அடுத்த ஆய்வின்போது இத்தாள்களை ரொக்கப் புத்தகத்துடன் சேர்த்து வைத்திருக்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.